நுகர்வோர் சட்டம்: அதிகாரம் டெல்லிக்கு, சுமை மாநிலங்களுக்கு

ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று தேசிய நுகர்வோர் தினம் கொண்டாடப்படுகிறது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நாள் அது. அந்தச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், ஒரே விதிமுறை என்று ஒன்றிய அரசு இதனைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுள்ளது.

நுகர்வோரின் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறக் கூடாது என்பதில் இடதுசாரி இயக்கத்துக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூலதனத்துக்கு மாநில எல்லைகள் கிடையாது. பெருநகர் ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கும் இணைய வணிக நிறுவனம் ஒடிசாவின் மலைக் கிராமம் வரை பொருள் அனுப்பிப் பணம் ஈட்டுகிறது. எதிர்த்தரப்பின் அலுவலகம் உள்ள ஊரிலோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் தொடுக்க முடியும் என்பது பழைய நிலை. வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று புதிய சட்டம் மாற்றியது. குறைபாடுள்ள பொருளால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரே இழப்பீடு தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இடம்பெற்றது. இவை நுகர்வோர் அமைப்புகள் நீண்ட காலம் போராடிப் பெற்ற முன்னேற்றங்கள். இவற்றை வரவேற்கவே வேண்டும்.

ஆனால் ஒருமைப்படுத்தப்பட்டது உரிமை மட்டுமல்ல. மாவட்ட, மாநில ஆணையங்களின் தலைவர், உறுப்பினர்களுக்கான தகுதி, நியமன முறை, பதவிக்காலம் ஆகிய அனைத்துக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 29, 43 ஆகிய பிரிவுகள் ஒன்றிய அரசிடம் ஒப்படைத்துள்ளன. ஆணையத்தை அமைப்பதும், கட்டடமும் ஊழியர்களும் ஊதியமும் தருவதும் மாநிலத்தின் வேலை. இப்படி டெல்லி வகுத்த 2020ஆம் ஆண்டு நியமன விதிகளின் சில பகுதிகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 செப்டம்பரில் ரத்து செய்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2025 மே மாதத்தில் புதிய விதிகளை வகுக்குமாறு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஒரே விதி பழுதுபட்டதால் பல மாநிலங்களில் நியமனங்கள் ஒருசேரச் சிக்கலில் மாட்டின. புகாரை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 38ஆவது பிரிவு கூறுகிறது. விசாரிக்க ஆளில்லாத ஆணையத்தில் மூன்று மாதம் என்பதற்கு என்ன பொருள்?

‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற முழக்கம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஜம்மு காஷ்மீர் மக்கள் முதலில் கண்டனர். அங்கு 1987ஆம் ஆண்டு முதல் தனி நுகர்வோர் சட்டம் இருந்தது. மாநிலத் தகுதி பறிக்கப்பட்டபோது அச்சட்டமும் நீக்கப்பட்டது. 2019 அக்டோபர் 31 முதல் மாநில நுகர்வோர் ஆணையம், மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், மகளிர் ஆணையம் உள்ளிட்ட ஏழு ஆணையங்கள் மூடப்பட்டன. மாற்று ஏற்பாடு கையில் இல்லாமலேயே நுகர்வோர் ஆணையம் கலைக்கப்பட்டது. நிலுவையில் இருந்த வழக்குகள் அந்தரத்தில் நின்றன. ஒன்றிய அரசின் சட்டம் காகிதத்தில் வந்தது. புகார் மனுவை வாங்கும் அலுவலகம் மறைந்தது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இதே மையப்படுத்தலின் இன்னொரு முகமே. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யவும், பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் விதிக்கவும் அதிகாரம் பெற்ற அமைப்பு அது. அதற்கு இணையான அமைப்பு எந்த மாநிலத்துக்கும் தரப்படவில்லை. மாநிலங்களுக்குக் கிடைத்தது ஆலோசனை கூறும் கவுன்சில் மட்டுமே. மாவட்ட ஆட்சியர் விசாரித்து அறிக்கை அனுப்பலாம்; முடிவு டெல்லியில்.

ஏழைகளை நேரடியாகத் தொடும் இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. அளவுக்கு மீறிய முன்வைப்புத் தொகை, தவறுக்குப் பொருந்தாத தண்டத் தொகை, கடனை முன்கூட்டியே அடைக்க மறுப்பது போன்றவற்றை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று புதிய சட்டம் வரையறுத்துள்ளது. நுண்நிதி நிறுவனங்களிடம் சிக்கித் தவிக்கும் பெண்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறில்லை. ஆனால் அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்த்து மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. தொகை ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும் மாநில ஆணையத்துக்கே செல்ல வேண்டும். இணையம் வழியாகப் புகார் அளிக்கலாமே என்று அரசு பதில் சொல்லும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலே கையில் இல்லாத கடனாளியிடம் சொல்லப்படும் பதில் அது.

சட்டங்கள் பலவாக இருப்பதே சிக்கல் என்ற வாதத்தையும் ஆராய வேண்டும். தரமற்ற விதையால் விளைச்சல் இழந்த ஆந்திர விவசாயிகள் நுகர்வோர் மன்றத்தை நாடியபோது, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் இருக்கையில் இவர்கள் நுகர்வோராக முடியாது என்று தேசிய விதைக் கழகம் வாதிட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நுகர்வோர் சட்டம் பிற சட்டங்களுக்கு மாற்று அல்ல, அவற்றுக்கு மேலதிகமான பாதுகாப்பு என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. புதிய சட்டத்தின் 100ஆவது பிரிவும் இதையே கூறுகிறது. ஒருமைப்பாடு என்பது எவரும் கீழே இறங்கக் கூடாத தரையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் தம் மக்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் உரிமை மாநிலங்களிடம் இருக்க வேண்டும். 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டபோது எது சுருங்கியது என்பதைத் தொழிலாளி வர்க்கம் அறியும்.

நியாயமற்ற ஒப்பந்த வழக்குகளை மாவட்ட ஆணையங்கள் விசாரிக்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். விதி வகுக்கும் ஒன்றிய அரசு ஆணையங்களின் செலவில் உரிய பங்கை ஏற்க வேண்டும். பொருளைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கும் தரப்பட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கு நிரந்தரத் தீர்ப்பாயம் அமைப்பது குறித்து ஆராயுமாறு 2025 மே மாதமே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அதுவரை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆணையத்தின் இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, மூன்று மாதங்களைத் தாண்டிய வழக்குகள் எத்தனை என்ற விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று மக்களிடம் கொண்டு செல்லும் வேலையைக் கட்சி அமைப்புகள் இப்போதே தொடங்கலாம்.