மஸ்டாங் வாடகைக்குக் கிடைக்கும், ரோடு கிடைக்குமா?

ஃபைனல் இயர் முடியப் போகுது. இந்த வருஷம் நம்ம மெக்கானிக்கல் பசங்க நடுவுல ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு ஃபோர்டு மஸ்டாங்கை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கணும், கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டணும். காரு இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள சண்டை வந்தாச்சு. சண்டை வாடகையைப் பத்தி இல்ல, சஸ்பென்ஷனைப் பத்தி.

"பழைய மஸ்டாங்ல பின்னாடி லாரி மாதிரி லைவ் ஆக்ஸில்டா, அதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா?" என்பது ஒரு கோஷ்டி. "அதான் 2015 மாடல்லயே இன்டிபென்டென்ட் போட்டுட்டான்ல, இப்ப பக்கா" என்பது இன்னொரு கோஷ்டி. என் கருத்து, ரெண்டு கோஷ்டியும் ஒரே இடத்துல தப்பு பண்றாங்க. ரெண்டு பேருமே காரை மட்டும் பார்க்கிறாங்க. அது ஓடப்போற ரோட்டை யாரும் பார்க்கல. ரோடு எதுன்னு சொல்லாம ஒரு சஸ்பென்ஷனை நல்லது, கெட்டதுன்னு சொல்றது, ஆள் யாருன்னு பார்க்காம செருப்பு சைஸ் சொல்ற மாதிரி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்காக ரெண்டு வரி. லைவ் ஆக்ஸில்னா பின்னாடி இருக்கிற ரெண்டு சக்கரமும், நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியலும் ஒரே இரும்புக் குழாய்ல கோர்த்த மாதிரி சேர்ந்து ஆடும். இடது சக்கரம் பள்ளத்துல இறங்கினா வலது சக்கரமும் சாயும். அவ்வளவு எடையும் ரோட்டோட சேர்ந்து குதிக்கும். அந்த எடைக்குப் பேர்தான் அன்ஸ்ப்ரங் மாஸ். இன்டிபென்டென்ட்ல டிஃபரென்ஷியல் மேல பாடியோட தங்கிடும், சக்கரங்கள் தனித்தனியா ஏறி இறங்கும். மேடு பள்ளத்துல இதுதான் சுகம். இதுவரைக்கும் எல்லாருக்கும் சம்மதம்.

ஆனா லைவ் ஆக்ஸிலுக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. வளைவுல பாடி எவ்வளவு சாய்ஞ்சாலும் பின் சக்கரங்கள் ரோட்டுக்கு ஏறக்குறைய செங்குத்தாவே நிக்கும். ஜாயின்ட் குறைவு, உடையற பாகம் குறைவு, செலவும் குறைவு. நின்ன இடத்துலேர்ந்து முழு பலத்தோட கிளம்புற டிராக் ரேஸுக்கு இது ரொம்பத் தோது. 1999-ல ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு இன்டிபென்டென்ட் கொடுத்தாங்க. டிராக் ரேஸ் ஓட்டுறவங்க பலர் அதைக் கழட்டிப் போட்டுட்டு லைவ் ஆக்ஸிலை மாட்டினாங்க. காசு கொடுத்து 'பழசை' வாங்கி மாட்டியிருக்காங்க! அவங்க முட்டாள் இல்ல. அவங்க ரோடு கால் மைல் நீளம், நேர்கோடு, சமதளம். அந்த ரோட்டுக்கு அதுதான் சரி.

2005-ல வந்த புது மஸ்டாங்குலயும் ஃபோர்டு லைவ் ஆக்ஸிலையே வச்சது. 2015 மாடல்லதான் எல்லா மஸ்டாங்குக்கும் இன்டிபென்டென்ட் வந்தது. ஏன் அப்போ? அந்த மாடல்லதான் ஃபேக்டரியிலேயே வலது பக்க ஸ்டியரிங் வச்சு, உலகம் முழுக்க விற்கத் திட்டம் போட்டாங்க. இந்தியாவுக்கு 2016-ல வந்தது அந்த மஸ்டாங்தான். 5 லிட்டர் வி8, சுமார் 400 குதிரைத்திறன். அமெரிக்காவைத் தாண்டி வேற வேற ரோட்டுல ஓடணும்னு வந்தப்போ பின் சஸ்பென்ஷனும் மாறிச்சு. இங்கயும் ரோடுதான் கேள்வி கேட்டுச்சு, டிசைன் பதில் சொல்லிச்சு.

ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுக்கிறதும் ஒண்ணும் இன்ஸ்டாகிராம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்ல. 1966-ல அமெரிக்காவுல ஹெர்ட்ஸ் கம்பெனி (நம்ம ஃப்ரீக்வென்சி ஹெர்ட்ஸ் இல்ல, வாடகைக் கார் ஹெர்ட்ஸ்) ஷெல்பி ஜிடி350எச் என்கிற மஸ்டாங்கைச் சுமார் ஆயிரம் எண்ணிக்கையில வாங்கி வாடகைக்கு விட்டது. 'ரென்ட்-எ-ரேசர்'னு பட்டப்பேரு. சனி ஞாயிறுக்கு எடுத்துட்டுப் போய் ரேஸ் ட்ராக்ல ஓட்டிட்டு, திங்கட்கிழமை நல்ல பிள்ளை மாதிரி திருப்பிக் கொடுத்த கதைகள் இன்னிக்கும் சொல்லப்படுது. ரோல் கேஜ் வெல்டு பண்ணி எடுத்த தழும்போட திரும்பி வந்த காரெல்லாம் உண்டாம். அந்தக் காருக்குப் பின்னாடி என்ன? லைவ் ஆக்ஸில், அதுவும் லீஃப் ஸ்பிரிங்கோட. நம்ம கோஷ்டி கணக்குப்படி அது ஸ்போர்ட்ஸ் காரே கிடையாது. ஆனா அதே ஜிடி350 வகைதான் 1965-ல அமெரிக்க எஸ்சிசிஏ பந்தயத்துல தன் பிரிவு சாம்பியன். இன்னொரு விஷயம், ஹெர்ட்ஸ் அந்தக் காரை 25 வயசு ஆனவங்களுக்குத்தான் கொடுத்தது. நம்ம பேட்ச்ல ஒருத்தனுக்கும் சாவி கிடைச்சிருக்காது.

"அது அந்தக் காலம்"னு சொல்வீங்க. சரி, 2019-க்கு வருவோம். ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் ட்ராக்ல ரெனோ மெகான் ஆர்எஸ் ட்ரோஃபி-ஆர், முன்சக்கர டிரைவ் கார்களுக்கான ரெக்கார்டை உடைச்சது. 20.6 கி.மீ. சுற்று, 7 நிமிஷம் 40.1 விநாடி. அதுக்கு முன்னாடி ரெக்கார்டு வச்சிருந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2017-ல அதே தூரத்தை 7 நிமிஷம் 43.8 விநாடியில ஓட்டியிருந்தது. சிவிக்குக்குப் பின்னாடி மல்டி-லிங்க் இன்டிபென்டென்ட். மெகானுக்கு ட்விஸ்ட் பீம். ஆமாம், நம்ம ஒரகடத்துல தயாராகுற ரெனோ க்விட்டுக்குப் பின்னாடி இருக்கிற அதே வகை. எடையைக் குறைச்சாங்க, டயரையும் டேம்பரையும் சரியாத் தேர்ந்தெடுத்தாங்க, 'மட்டமான' சஸ்பென்ஷன் ஜெயிச்சது. ஸ்பெக் ஷீட்ல இருக்கிற பேரை வச்சு ஜட்ஜ்மென்ட் கொடுக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பதில் வேணாம்.

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். கடலூர்லேர்ந்து கிளம்பினா முதுநகர், சிப்காட், பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், அப்புறம் சிதம்பரம். மொத்தம் 45 கி.மீ. பக்கம். விழுப்புரம்–நாகப்பட்டினம் நாலு வழிச் சாலைத் திட்டம் இந்த வழியாத்தான் போகுது. ஆனா ரோடு எவ்வளவு புதுசானாலும் நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனை இருக்கு. ஆறும் வாய்க்காலும் ஓடுற சமவெளி இது, அதனால பாலமும் கல்வெர்ட்டும் நிறைய. பாலம் உறுதியான அஸ்திவாரத்துல நிக்கும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொட்டின மண்ணு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். அதான் பாலத்துல ஏறும்போது ஒரு 'டொம்', இறங்கும்போது ஒரு 'டொம்'. பஸ்ல கடைசி சீட்டுக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

அடுத்தது ஸ்பீட் பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி ஒரு ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவா இருக்கணும். 25 கி.மீ. வேகத்துல சுகமாத் தாண்டலாம். கிராமத்துப் பக்கம் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் இந்த அளவுல இருக்கு? அதே 10 செ.மீ. உயரத்தை ரெண்டடி அகலத்துல கட்டினா அது ஸ்பீட் பிரேக்கர் இல்ல, சுவர். அங்க மஸ்டாங்கோட சஸ்பென்ஷன் வேலை செய்யுறதுக்கு முன்னாடியே முன் பம்பர் வேலையை முடிச்சிரும்.

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் இங்க தடுமாறுது என்பதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. செகண்ட் இயர்ல படிச்சதுதான். காரோட சொந்த எடையில ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதோ, அதை வச்சே அது விநாடிக்கு எத்தனை தடவை ஆடும்னு சொல்லிடலாம். 25 செ.மீ. அமுங்கினா சுமார் 1 ஹெர்ட்ஸ். 6 செ.மீ. மட்டும் அமுங்கினா சுமார் 2 ஹெர்ட்ஸ். சாதாரண ஃபேமிலி கார் ஒண்ணுலேர்ந்து ஒன்றரைக்குள்ள இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ரெண்டை நோக்கிப் போகும். மனுஷ உடம்பு மேல்-கீழ் ஆட்டத்துல அதிகமா அவஸ்தைப்படுறது 4-லேர்ந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும். ஸ்பிரிங்கை விறைப்பாக்க விறைப்பாக்க வளைவுல கார் கச்சிதமா நிக்கும், ஆனா அந்த அவஸ்தைக்கும் கிட்டக் கிட்டப் போகும். நம்ம அரசு பஸ் காலியா வரும்போது தூக்கிப் போடுறதும், காலேஜ் டைம்ல நிறைஞ்சு வரும்போது மெத்து மெத்துன்னு போறதும் இதே கணக்குதான். அந்த லீஃப் ஸ்பிரிங் கூட்டத்துக்காக டிசைன் பண்ணது. கூட்டம் இல்லாதப்போ அது தப்பான சஸ்பென்ஷன், கூட்டம் வந்ததும் சரியான சஸ்பென்ஷன். பஸ் மாறல, ஸ்பிரிங் மாறல. வேலை மாறிச்சு.

அதனால அந்த ஒரு நாள் வாடகையில நம்ம பசங்க எந்த முடிவுக்கும் வரப் போறதில்ல. நல்ல ரோட்டுல 80-ல போனா ரெண்டு வகை சஸ்பென்ஷனும் ஒரே மாதிரித்தான் தோணும். வித்தியாசம் தெரியுறது டயர் பிடி விடுற எல்லைக்குப் பக்கத்துல. அந்த எல்லையைத் தேடிப் போறதுக்கு, எதிர்ல சிப்காட் லாரி வர்ற, அறுவடைக் காலத்துல ஓரமா நெல்லு காயுற, ஆடு குறுக்க ஓடுற ரோடு இடமா? 100 கி.மீ. வேகத்துல கார் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போகுது. 'என்ன இது'ன்னு நாம யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு பஸ் நீளத்துக்கு மேல தாண்டியாச்சு. அதுவும் காலையில சாவி வாங்கின கார், 400 குதிரை, பின்சக்கர டிரைவ், நம்ம கைக்குப் பழக்கமே இல்லாத பிரேக். டிசைன் விவாதத்துல தோத்தா பரவாயில்ல, ட்ரீட் வச்சா போதும். இதுல தோத்தா பணம் கட்டப் போறது நாம இல்ல, நம்ம வீடு. அந்தப் பக்கம் சைக்கிள்ல போற ஒருத்தர் என்ன பாவம் பண்ணார்?

வாடகையில இன்னொரு சிக்கலும் இருக்கு. முறையான செல்ஃப்-டிரைவ் வாடகைக் காருக்குக் கருப்பு நம்பர் பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டு சொந்தக் காரை 'தெரிஞ்ச அண்ணன்கிட்ட' கைமாத்தா வாடகைக்கு எடுக்கிறது சட்டப்படி சரி இல்ல. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கை விரிக்க முழு வாய்ப்பு இருக்கு. காரைப் பத்தி இவ்வளவு ஆராய்ச்சி பண்றவங்க, நம்பர் பிளேட்டையும் ஒரு நிமிஷம் பாருங்க.

"ஏன்டா எல்லாத்தையும் சீரியஸா எடுக்கிற, சும்மா ஜாலிக்குத்தானே"ன்னு கேட்கிறவங்களுக்கு: ஜாலிக்குன்னா தாராளமா எடுங்க. ஒரு டிரைவரோட வாங்கி, சில்வர் பீச் வரைக்கும் மெதுவா ஒரு ரவுண்டு, போட்டோ, ஐஸ்கிரீம், முடிஞ்சது. வி8 சத்தம் கேட்க 40-ல போனாலே போதும். ஆனா 'டெஸ்ட் பண்றோம்'னு சொல்லிட்டுப் போகாதீங்க. டெஸ்ட்னா அதுக்கு ஒரு முறை இருக்கு.

அந்த முறைக்குக் காசே தேவையில்ல என்பதுதான் விஷயம். போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனியோட ஆகன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது, இலவசம். அதுல ஆக்ஸிலரோமீட்டரை ஆன் பண்ணி, போனை சீட்டுல தட்டையா வச்சு, கடலூர்–சிதம்பரம் பஸ்ல ஏறுங்க. ஒரு தடவை பின் சக்கரத்துக்கு மேல உட்காருங்க, ஒரு தடவை நடுவுல. காலியான பஸ்ல ஒரு தடவை, நிறைஞ்ச பஸ்ல ஒரு தடவை. ஒவ்வொரு பாலத்துலயும் கிராஃப் எப்படி எகிறுதுன்னு குறிங்க. முடிஞ்சா அதே ரோட்டுல, அதே வேகத்துல, யார் வீட்டுலயாவது இருக்கிற ட்விஸ்ட் பீம் ஹேட்ச்பேக்கையும், இன்டிபென்டென்ட் வச்ச எஸ்யூவி ஒண்ணையும் ஓட்டி அளந்து பாருங்க. மூணு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ஹாஸ்டல்ல மூணு மாசமா ஓடுற சண்டை அரை மணி நேரத்துல முடியும். இல்லன்னா இன்னும் நல்ல சண்டையா மாறும். எதுவானாலும் லாபம்தான். வேகம்தான் வேணும்னா அதுக்கும் இடம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. ஹெல்மெட், மார்ஷல், எதிர்ல லாரி வராத ரோடு எல்லாம் அங்கதான்.

நான் இவ்வளவு நீட்டி எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல நம்மள்ல சில பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வண்டி செய்யுற கம்பெனிகள்ல உட்காரப் போறோம். அங்க ஒரு டிசைனை முன்னாடி வச்சு "இது சரியா?"ன்னு கேட்பாங்க. 'மல்டி-லிங்க்தான் லேட்டஸ்ட்'னு சொல்றவன் யூடியூப் பார்த்தவன். 'இந்த வண்டி எந்த ரோட்டுல, எவ்வளவு எடையோட, யாரை ஏத்திட்டுப் போகப் போகுது?'ன்னு திருப்பிக் கேட்கிறவன்தான் இன்ஜினியர். அந்தக் கேள்வியைக் கத்துக்க மஸ்டாங் வேணாம். டவுன் பஸ் டிக்கெட் போதும். கடைசி சீட்டு பெரும்பாலும் காலியாத்தான் இருக்கும்.