பெட்டி மேல் பழி போடலாமா?

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"ரௌட்டர் வேலை செய்யல்லியா? பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசிய விட்டு அமுக்கு!" இந்த வைத்தியத்தைச் சொல்லாதவர் நம்மில் யார்? நானும் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் சொல்லியிருக்கிறேன். டிப்ளமோ படிக்கிற பையன் என்றால் நம் ஊரில் அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு நாம் தகுதியானவர்கள்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற மார்கழியில் நடந்தது இது. எங்கள் ஆச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து நடக்க முடியாமல் போன பிறகு, சுசீந்திரம் தேர் பார்ப்பது வீட்டு டிவியில்தான். பத்து நாள் திருவிழாவில் மூணாம் நாள் மக்கள்மார் சந்திப்பு, ஒன்பதாம் நாள் தேர். இரண்டையும் தவற விடமாட்டாள். உள்ளூர்க்காரர்கள் யாராவது யூடியூபில் நேரலையாகக் காட்டுவார்கள். பழைய டிவிக்கு அந்த வசதி இல்லை என்று, அத்தான் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிவந்து மாட்டினார். தேருக்கு முந்தின நாள் ராத்திரி. ஸ்டிக் நம் வீட்டு வைஃபை பேரைக் காட்டியது. பாஸ்வேர்டு அடித்தோம். சுற்றியது, சுற்றியது, "இணைக்க முடியவில்லை" என்றது. வீட்டில் நாலு போனும் அதே வைஃபையில் ஜோராக ஓடுகிறது!

நான் என்ன செய்தேன்? ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். பிறகு எடுத்தேன் குண்டூசியை! பத்து விநாடி. அவ்வளவுதான், வீட்டில் ஒரு போனுக்கும் நெட் இல்லை.

ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் இணைப்புக்கென்று ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். சில நெட்வொர்க்குகளில் வி-லேன் எண்ணும் உண்டு. ரீசெட் அடித்தால் அத்தனையும் துடைத்துப்போகும். அந்தப் பக்கத்தைத் திறக்கும் சாவி நம்மிடம் இருக்காது. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு பாதிக் கதவைத்தான் திறக்கும். போன் செய்தேன். "நாளைக்குத் தேர் லீவு தம்பி, மறுநாள் ஆள் வரும்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறைதானே.

மறுநாள் போனைக் கையில் பிடித்து ஆச்சிக்குக் காட்டினேன். "எறும்பு ஊருக மாதிரி இருக்கு மக்களே… தேரு எது, ஆளு எது?" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் ஆள் வந்தார். ஒரு நோட்டைப் பார்த்து எதையோ அடித்தார். நெட் வந்தது, ஸ்டிக்கும் உடனே சேர்ந்துகொண்டது! "பாத்தியா தம்பி, ரீசெட் பண்ணா எல்லாம் செரியாவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் கோளாறு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காய்ச்சல் எதனால் என்று பாராமல் ஆளையே மயக்கிப் படுக்கப்போட்ட கதைதான்.

இரண்டு மாதம் கழித்து மேலத்தெரு அண்ணாச்சி வீட்டிலும் அதே சங்கதி. அவருக்குத் தோவாளையில் பூ வியாபாரம். புது டிவி வாங்கியிருந்தார். போன் ஓடுகிறது, டிவி சேரமாட்டேன் என்கிறது. "பெட்டி பழசாயிட்டு, மாத்தணும், ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "லேய், நீ இதத்தானடே படிக்க? வந்து ஒரு பார்வ பாரு" என்றார் அண்ணாச்சி. இந்த முறை குண்டூசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

நமக்கு ஆம்ப்ளிஃபயர் லேபில் சார் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? சத்தம் வரவில்லையென்றால் எல்லாப் பாகத்தையும் மாற்றாதே. நடுவில் சிக்னல் இருக்கிறதா பார், இருந்தால் கோளாறு பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். பிறகு அந்தப் பாதியைப் பாதியாக்கு. அதே வித்தைதான் இங்கேயும்.

முதலில் பெட்டியின் விளக்குகள். பான் விளக்கு நிலையாக எரிந்தது, லாஸ் என்கிற சிவப்பு விளக்கு எரியவில்லை. போனிலும் நெட் வருகிறது. அப்படியென்றால் தெருவிலிருந்து பெட்டிவரை நலம். ஆக, வழக்கு டிவிக்கும் பெட்டிக்கும் நடுவில். அடுத்தது, டிவியின் பட்டியலில் வைஃபை பேர் தெரிகிறதா? தெரிந்தது.

பேரே தெரியாவிட்டால் கதை வேறு. விலை குறைந்த ஸ்டிக்குகளும் பழைய டிவிகளும் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிற பேரை அவை காணாது. இன்னொன்று, நம் நாட்டில் 2.4-இல் 1 முதல் 13 வரை சேனல் உண்டு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவி 11-க்கு மேல் பார்க்காது. பெட்டி தானாக 12-ஐயோ 13-ஐயோ பிடித்துக்கொண்டால், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஸ்டிக்குக்கு நம் வீட்டு வைஃபை இல்லாத ஊர்! 5 கிகாஹெர்ட்ஸிலும் ரேடாருக்கு வழிவிட வேண்டிய 52 முதல் 144 வரையான சேனல்களைச் சில கருவிகள் தொடுவதேயில்லை. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவைத்தால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். அந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

அண்ணாச்சி வீட்டில் அது பிரச்சினையில்லை. பாஸ்வேர்டு தப்பா, டிவி பழுதா என்றால்? இதற்கு ஒரு எளிய சோதனை செய்தேன். பெட்டியை அணைத்துவிட்டு, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அண்ணாச்சி வைஃபையின் அதே பேர், அதே பாஸ்வேர்டு, எழுத்து பிசகாமல். டிவியில் திரும்ப அடித்துப் பார்த்தால், உடனே சேர்ந்தது! டிவி நலம், அடித்த பாஸ்வேர்டும் நலம். போனை அணைத்துப் பெட்டியைப் போட்டால் மறுபடியும் மறுப்பு. ஆக, பெட்டிதான் இந்த டிவியை மட்டும் வாசலில் நிறுத்துகிறது.

ஏன் நிறுத்தும்? பூட்டு வகை காரணமாகலாம். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கருவி உள்ளே வராது. பார்த்தேன், 2 என்றே இருந்தது. முகவரி கொடுக்கும் பட்டியல் நிரம்பியிருக்கலாம். ஆனால் அப்படியிருந்தால் வைஃபையில் சேர்ந்துவிட்டு, 169.254 என்று தொடங்கும் முகவரியை வைத்துக்கொண்டு முழிக்கும். இது சேரவேயில்லையே. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: மேக் ஃபில்டர்.

ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் 48 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. "இந்த எண்கள் மட்டும் வரலாம்" என்று பெட்டியில் பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாதவன் சரியான பாஸ்வேர்டோடு வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். காரணமும் சொல்லாது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'அனுமதி' என்று இருந்தது. கீழே ஆறு எண்கள், எல்லாம் போன்கள்.

நண்பர்களே, அப்போதுதான் எனக்குத் தலை சுற்றியது. அதை யார் போட்டது தெரியுமா? நான்! போன கோடை லீவில், கிரிக்கெட் சீசனில், தெருப் பையன்கள் வைஃபையை உறிஞ்சுகிறார்கள் என்று அண்ணாச்சி புலம்ப, பெரிய நிபுணன் மாதிரி நான்தான் பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். அதே நாளில் எங்கள் வீட்டிலும் போட்டேன். ஆச்சியின் ஸ்டிக்கை வாசலில் நிறுத்தியது பெட்டியல்ல, பெட்டிக்கு நான் போட்ட கட்டளை. ரீசெட் அந்தப் பட்டியலையும் சேர்த்துத் துடைத்ததால்தான் ஸ்டிக் சேர்ந்தது. சாட்சியும் அதோடு போயிற்று. ஸ்டிக்கின் எண்ணைப் பட்டியலில் சேர்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் அந்தப் பூட்டு பூட்டே அல்ல. மேக் எண் காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது, தெரிந்தவன் நகலெடுத்துவிடுவான். இப்போதைய போன்களோ வைஃபைக்கு ஒரு பொய் எண்ணைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பையன்களை நிறுத்த பாஸ்வேர்டை மாற்றினால் போதும்.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "அப்போ ரெண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம், உனக்கு ரெண்டு அடி பாக்கி" என்றார். அன்றே இன்னொரு சிக்கல்: டிவி ஓடுகிறது, ஆனால் அவர் மகன் போனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்ப முடியவில்லை. போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தது. டிவியைத் தேட, போன் வீட்டுக்குள் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு "யாரு இருக்கிய?" என்று ஒரு குரல் கொடுக்கும். கெஸ்ட் வைஃபையும் 'ஐசொலேஷன்' என்ற அமைப்பும் அந்தக் குரலை அடுத்த அறைக்கு விடாது. போனை வீட்டு வைஃபைக்கு மாற்றினோம், தீர்ந்தது.

பெட்டி ஒருபோதும் தப்புச் செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங் கருவியும் பெட்டியும் சண்டை போட்டால் பழி எப்போதும் பெட்டி மேல்தான் விழுகிறது. 2018 ஜனவரியில் உலகம் முழுக்கப் பல வீடுகளில் வைஃபை படுத்துவிட்டது. தேடிப்பார்த்தால், கூகுளின் காஸ்ட் வசதி இருபது விநாடிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய குரலை, தூங்கி எழுந்ததும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறது. சில சமயம் ஒரு லட்சம் பாக்கெட்டுக்கு மேல்! பாவம், பெட்டி மூச்சுத் திணறிப்போயிற்று. டி.பி.-லிங்க் பொறியாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள், கூகுளும் திருத்தம் வெளியிட்டது. 2025 மார்ச் 9-ஆம் தேதி இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் நின்றன. உள்ளேயிருந்த பத்து வருடச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். "யாரும் ரீசெட் பண்ணாதீர்கள்" என்று கூகுளே கேட்டுக்கொண்டது. சும்மா இருந்தவர்களுக்குச் சில நாளில் தானாகச் சரியாயிற்று. குண்டூசி வைத்தியம் செய்தவர்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"மக்கா, இதெல்லாம் கேபிள்காரன் வேலை. நாம எதுக்கு?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். கேபிள்காரருக்கு ஒரு நாளில் எத்தனையோ வீடு. ரீசெட்டோ புதுப்பெட்டியோதான் அவருக்குச் சீக்கிரம் முடிகிற வழி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் படித்த நாமும் அதையே சொன்னால், மூன்று வருடம் ஃபீஸ் கட்டியது எதற்கு? ஏழு அடுக்கின் பேரையும் வரிசையாக ஒப்பிக்கிறோம், பதினாறு மார்க்கும் வாங்குகிறோம். அண்ணாச்சி வீட்டில் கோளாறு எந்த அடுக்கில் என்று கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கிறோம்.

என் யோசனை இது. நம் லேபில் ஒரு மேசை ஒதுக்கட்டும். நாலு பழைய பெட்டி, ரெண்டு ஸ்டிக், ஒரு பழைய டிவி. இவை நம் வீடுகளிலேயே கிடக்கும், காசு செலவில்லை. சீனியர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும்: ஒன்றில் மேக் ஃபில்டர், ஒன்றில் ஐசொலேஷன், ஒன்றில் 13-ஆம் சேனல். ஜூனியர்கள் கண்டுபிடிக்கட்டும். ரீசெட் ஓட்டையில் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும்! சார்மார்களிடம் பேசினேன், சிரித்தார்கள், மறுக்கவில்லை. மாணவர் பேரவை கேட்டால் நடக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மாதாமாதம் பணம் கட்டுகிறவர் வீட்டில் இருக்க வேண்டும். கேளுங்கள். நான் நாலு தடவை கேட்டேன், அஞ்சாம் தடவை எழுதித் தந்தார்கள். ஒரு தாளில் எழுதி எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடியில் ஆச்சியின் ஸ்டிக்கினுடைய மேக் எண்ணும் இருக்கிறது.

ஆச்சி இப்போது ஸ்டிக்கில் பழைய படங்கள் பார்க்கிறாள். ரிமோட்டில் 'பின்னால் போ' எது என்று தினமும் கேட்கிறாள். நேற்றுச் சாயங்காலம் காலண்டரைக் காட்டி, "மார்கழிக்கு இன்னும் எத்தன மாசம் மக்களே?" என்று கேட்டாள். எண்ணிச் சொன்னேன்.