சுமப்பவர் பெயர் எங்கே?

உத்தராகண்டின் ஹர்சிலிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் சித்குலுக்கு ஒரு மலைவழி உண்டு. நடுவே 5,282 மீட்டர் உயரத்தில் லம்காகா கணவாய். கங்கைக்குப் போகும் நீரையும் சட்லெஜுக்குப் போகும் நீரையும் பிரிக்கிற முகட்டில் ஏறி இறங்க வேண்டும். வழியில் கடை இல்லை, சத்திரம் இல்லை, நாள்கணக்கில் கைப்பேசிக்கு அலைவரிசையும் இல்லை. 2021 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் உத்தராகண்டில் பருவம் தப்பிக் கொட்டிய மழை, மேலே பனியாக விழுந்தது. லம்காகாவில் ஒரு குழு அதில் சிக்கியது. மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைதூக்கிகள் எல்லோரும் கலந்த குழு. விமானப் படை ஹெலிகாப்டர்கள் போய்ச் சேர்ந்தபோது மீட்க உயிர்கள் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. அதே நாட்களில் குமாவோனின் சுந்தர்துங்கா பள்ளத்தாக்கில் மேற்கு வங்கத்திலிருந்து போன ஐந்து பேர் மாண்டார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசிக்கு மேலே சஹஸ்ரதால் ஏரிப் பாதையில் 22 பேர் குழு பனிப்புயலில் அகப்பட்டு, 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து போனவர்கள்.

இந்த மூன்று இடங்களின் பெயரை அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? கேள்விப்படாததுதான் அங்கே சரக்கு. கூட்டமில்லாத பாதை, யாரும் போகாத கணவாய், நீங்கள்தான் முதல் ஆள் என்றெல்லாம் சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. அந்த விற்பனையில் ஓர் அநீதி இருக்கிறது என்பதும், அதற்கு முகவர், வாடிக்கையாளர், அரசு ஆகிய மூவரும் பொறுப்பு என்பதும் நம் கருத்து.

இந்தப் பாதைகளுக்கு மக்கள் போவதையே நாம் குறை சொல்லவில்லை. கூட்டம் பெயர்பெற்ற பாதைகளை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். எலும்புக்கூட்டு ஏரி என்று புகழ்பெற்ற ரூப்குண்டுக்குப் போகும் வழியில் ஆலி, பேதினி புல்வெளிகள் கூடாரங்களாலும் குப்பையாலும் நைந்துபோய், 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் அந்த உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. வருவோர் எண்ணிக்கையை 200க்குள் நிறுத்தச் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் தடையால் வணிகம் நிற்காது, இடம் மாறும். கீழே கதவு சாத்தினால் மேலே, இன்னும் தொலைவில், மீட்புப் படை எட்டாத இடத்தில் இன்னொரு கதவு திறக்கும்.

அங்கே யார் முதுகில் ஏறிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

வீடுகளில் தங்கி, கடைகளில் சாப்பிட்டுப் போகும் நேபாளத்தின் அன்னபூர்ணா போன்ற பாதையில் ஒருவர் தன் பையைத் தானே சுமந்து நடந்துவிடலாம். உத்தராகண்டின் கார்வால் பகுதியிலுள்ள ஆடென் கணவாய்க்கு அப்படிப் போக முடியாது. 5,490 மீட்டர் உயரம், இருபுறமும் பனியாறு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஜான் ஆடென் 1939இல் கடந்ததால் அவர் பெயர். இப்படிப்பட்ட வழிகளில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், அடுப்பு, கூடாரம், கயிறு எல்லாமே மனித முதுகில்தான் ஏற வேண்டும். கோவேறு கழுதை ஓர் எல்லைவரை வரும். பனிப்பிளவும் கற்சரிவும் தொடங்கிய இடத்தில் திரும்பிவிடும். அதற்குமேல் சுமப்பவர்கள் மேற்கு நேபாளத்திலிருந்து பிழைப்புக்கு வந்த கூலிகள், சுற்றுப்பட்ட கார்வால் கிராமத்து இளைஞர்கள். பாதை எவ்வளவு தொலைவோ அவ்வளவு நாள் உணவு, அவ்வளவு சுமை. தெரியாத பாதை என்று நாம் ஆசைப்படும் ஒவ்வொரு நாளும் ஒருவர் முதுகில் கிலோவாகத்தான் ஏறுகிறது.

சுமப்பவர் ஒருவரின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விருந்தினர் எழும் முன்னே எழுந்து தேநீர். அவர்கள் கிளம்பிய பிறகு சமையல் கூடாரத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, பின்னாலிருந்து அவர்களைத் தாண்டி ஓட வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது அடுத்த முகாமில் சூப் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுவலி என்று விருந்தினர் சொன்னால் அவர் பையும் இவர் தலைக்கு வரும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதில் எவ்வளவு சுமப்பவர் கைக்குப் போகிறது என்பதைக் கட்டணம் வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். கணவாயை நெருங்கும் நாளில் பனியில் படி வெட்டுவது இவர்கள் வேலை. இரவில் விருந்தினருக்கு ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக், கூடாரத்துக்கு இரண்டு பேர். இவர்களுக்குப் பெரும்பாலும் சமையல் கூடாரத்தின் ஓரம், ஆளோடு ஆள் ஒட்டி, ஒரு கம்பளி. காலில் ரப்பர் பூட்ஸோ கான்வாஸ் ஷூவோ. வானிலை கெட்டால் உதவி கேட்டுக் கீழே ஓடுவதும் பெரும்பாலும் இவர்களே. அலைவரிசை இல்லாத மலையில் அபாயச் செய்தி காலால்தான் இறங்குகிறது.

“அவங்க மலையில பொறந்தவங்க, அவங்களுக்குக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது” என்று ஒரு பேச்சு உண்டு. இதைவிட வசதியான பொய் கிடைக்காது. சுமப்பவர்களில் பலர் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்துக் கிராமங்களில் வாழ்கிறவர்கள். ஐயாயிரம் மீட்டர் காற்று நம்மைப் போலவே அவர்களுக்கும் புதிது. நுரையீரலில் நீர் கோப்பதும் மூளை வீங்குவதும் ஆளின் ஊரைக் கேட்டு வருவதில்லை. பாரம் சுமந்து ஏறும் உடலில் ஆபத்து கூடத்தான் செய்யும். 1997இல் நேபாளத்தில் ஒரு குழுவுக்குச் சுமை தூக்கிய இருபது வயது இளைஞர் உயர நோயில் விழுந்தார். கூலியைக் கணக்குத் தீர்த்துத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, இறந்துபோனார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அந்தச் சாவுதான் சர்வதேச சுமையாளர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு தொடங்கக் காரணம். நேபாளத்தில் ஒருவருக்கு 30 கிலோ, கிளிமஞ்சாரோவில் 20 கிலோ, அதற்கு மேல் ஏற்றாதே என்று அந்த அமைப்பு சொல்கிறது. சரியான உடையும் கூடாரமும் கொடு, நோயில் விழுந்தவரைத் தனியே அனுப்பாதே என்பவையும் அதன் அடிப்படைக் கோரிக்கைகள். இவற்றை ஒருவர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே வெட்கம்.

பெயர்பெற்ற மலைகளில் குறைந்தபட்சம் உலகம் பார்க்கிறது. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் புதைந்தபோது, நேபாள அரசு முதலில் அறிவித்த உடனடி உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள், அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கம் மலையேற்றம் கிட்டத்தட்ட நின்றேபோனது, காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சமானது. 2023 ஜூலையில் கே2 சிகரத்தின் குறுகலான பாதையில் ஒரு பாகிஸ்தானியச் சுமையாளர் உயிருக்குப் போராடிக் கிடக்க, ஏறுபவர்கள் அவரைத் தாண்டிப் போன படம் உலகம் முழுதும் கேள்வியானது. லம்காகாவில் அந்தப் படத்தை எடுக்கக்கூட ஆள் கிடையாது. விபத்துச் செய்திகளில் மலையேறியவர்களின் ஊர், வயது, உத்தியோகம் வரும். சுமந்தவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாக வருவார்கள்.

இப்படித்தான் இருக்க முடியும் என்றில்லை. 1934இல் பிரிட்டிஷ் மலையேறிகள் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் பத்ரிநாத்திலிருந்து கேதார்நாத் பக்கம் பனிமலையைத் தாண்டி இறங்கி, காட்டுக்குள் உணவு தீர்ந்து மூங்கில் குருத்தைத் தின்று பிழைத்தார்கள். உடன் இருந்த ஷெர்பாக்கள் அங்தார்கே, பாசாங், குசாங். ஐவரும் சுமந்தார்கள், ஐவருக்கும் ஒரே சோறு. ஏகாதிபத்தியக் காலத்து வெள்ளைக்காரர்கள்தான். அவர்களைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் தொண்ணூறு ஆண்டு கழித்து, சுதந்திர நாட்டில், நம் ஆட்கள் நடத்தும் குழுவில் அந்தச் சமபந்தி இல்லை.

குற்றத்தில் முதல் பங்கு முகவருக்கு. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியில் ஜெயிக்க அவரிடம் இருக்கும் வழிகள் சில. ஆளைக் குறைப்பார், மிஞ்சியவர் சுமை கூடும். நாளைக் குறைப்பார். மூவாயிரம் மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு என்று மருத்துவர்கள் சொல்வதை, நகரத்து விடுப்புக்குள் அடக்கி மடிப்பார். தட்டிக் கேட்கக்கூடிய வாடிக்கையாளராவது ‘இன்று நடக்கமாட்டேன்’ எனலாம். தினக்கூலிக்கு வந்தவர் அதைச் சொன்னால் அடுத்த குழுவில் அவருக்கு வேலை இருக்காது.

இரண்டாம் பங்கு நமக்கு, அதாவது பணம் கட்டிப் போகும் நடுத்தர வர்க்கத்துக்கு. நான்காயிரம் ரூபாய் ஷூவுக்கு நாற்பது விமர்சனம் படிக்கிறோம். நம் பையைத் தூக்கப்போகிறவருக்கு ஷூ இருக்கிறதா என்று ஒரு வரி கேட்பதில்லை. சில ஆயிரம் குறைவு என்பதற்காக ஒரு முகவரை விட்டு இன்னொருவரிடம் போகும்போது அந்தச் சில ஆயிரம் எங்கிருந்து பிடுங்கப்பட்டது என்று யோசிப்பதில்லை. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாததற்கு வேறு பெயர்.

அரசின் பங்கு பெரியது, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேரைப் பறிகொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதி எழுதப்பட்டது. இமயத்திலும் அதே கதை: சாவு முந்தும், சுற்றறிக்கை பின்னால் வரும். செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். துரயா, இரிடியம் கருவிகளை உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். எல்லைப் பகுதியில் பாதுகாப்புக் கவலை இருப்பது உண்மைதான். ஆனால் பிஎஸ்என்எல் அனுமதி பெற்ற செயற்கைக்கோள் சேவை நடத்துகிறதே? அனுமதிச் சீட்டு கொடுக்கும் வனத்துறை மேசையிலேயே அந்தக் கருவியை முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கிவைப்பதில் என்ன தடை? உயிர் காக்கும் கருவியைத் தடுத்துவிட்டு, சாவுக்குப் பிறகு ஹெலிகாப்டர் அனுப்புவது நிர்வாகம் ஆகாது.

பெரு நாட்டைப் பார்க்கலாம். மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் வழிகாட்டிகளும் சுமையாளர்களும் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. சுமையாளர்களுக்கென்று 2001இல் தனிச் சட்டம். சாவடியில் மூட்டையைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். குறைகள் அங்கேயும் உண்டு என்றாலும், தராசு ஒன்று இருக்கிறது. நம் மலைவாசலில் அதிகாரி பார்ப்பது விருந்தினரின் ஆதார் அட்டையும் மருத்துவச் சான்றும். சுமப்பவரின் மூட்டையை யாரும் நிறுப்பதில்லை.

கெடுபிடி செய்தால் உள்ளூர்க்காரர் பிழைப்பு போகும் என்று முகவர்கள் சொல்வார்கள். இதற்கு உள்ளூர்க்காரர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். உத்தராகண்டின் நந்தாதேவி தேசியப் பூங்கா 1982இல் மூடப்பட்டபோது, சுமை தூக்கியும் வழிகாட்டியும் மேய்ச்சலிலும் பிழைத்த லாதா கிராமத்தார் அந்தப் பிழைப்பை இழந்தார்கள். 1998இல் ‘ஜப்டோ சீனோ’, பாய்ந்து பிடுங்கு, என்று கோஷமிட்டுப் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். 2001 அக்டோபரில் ஒரு பிரகடனம் செய்தார்கள்: சுற்றுலா வரட்டும், ஆனால் யாருடைய ஏகபோகமாகவும் வேண்டாம், மலைக்கும் மக்களுக்கும் கேடில்லாமல், எங்கள் சம்மதத்தோடு வரட்டும். அவர்கள் வேலை கேட்டார்கள். எந்த நிபந்தனைக்கும் வேலை தா என்று கேட்கவில்லை. பட்டினியைக் காட்டிக் கூலியைக் குறைப்பவர் பட்டினிக்காகப் பேசுவதாகச் சொல்லக் கூடாது.

ஆகவே நாலாயிரம் மீட்டருக்கு மேல் போகும் எந்தக் குழுவுக்கும், சுமப்பவர் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் காப்பீட்டு எண்ணும் அனுமதிச் சீட்டில் இல்லாமல் அனுமதி கொடுக்கக் கூடாது. விருந்தினருக்கு உள்ள கூடாரமும் உறக்கப்பையும் பனிக்கேற்ற காலணியும் அவர்களுக்கும் இருக்கிறதா என்பதை வாசலில் எண்ணிப் பார்க்க வேண்டும். மூட்டையை நிறுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்ய முடியாத கணவாய்க்கு வணிகக் குழுவை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வாசகர் காத்திருக்கத் தேவையில்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்களோடு எத்தனை பேர் சுமக்க வருகிறார்கள், ஒருவருக்கு எத்தனை கிலோ, இரவு எதில் படுப்பார்கள், என்ன காப்பீடு, ஒருவர் நோயில் விழுந்தால் அவரோடு யார் இறங்குவார்? பதில் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.