வாரண்டி கார்டு பெட்டிக்குள் தூங்கலாமா?

நல்லம்பள்ளிச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் சும்மா வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறார். அப்புறம்தான் மடியில் இருந்து பணம் வெளியே வருகிறது.

அதே ஆள் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிரில்லிங் மிஷினோ, டைல்ஸ் அறுக்கும் கட்டிங் மிஷினோ வாங்கும்போது பெட்டியைக்கூடப் பிரிப்பதில்லை! வாரண்டி கார்டு உள்ளேயே கிடக்கும். "பில் போட்டா வரி சேருமுங்க, வேண்டாமே" என்று கடைக்காரர் சொன்னால் இவரும் தலையாட்டிவிடுவார்.

மிஷின் ஓடுகிறவரை எல்லாம் சரிதான். பழைய வீட்டைச் சீர் பண்ணுகிற நேரத்தில், பாத்ரூமில் டைல்ஸ் பாதி ஒட்டி நிற்கும்போது மிஷின் புகைந்தால்?

வேலை நிற்கிறது. வந்த ஆளுக்குக் கூலி போகிறது. "வாரண்டி இருக்கே!" என்று கடைக்கு ஓடினால், "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும், எங்களுக்குச் சம்பந்தமில்லீங்க" என்று பதில் வருகிறது. கம்பெனிக்குப் போன் போட்டால், "பில் இருக்கா சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை!

இப்படி ஏமாறுகிறவர்கள் எத்தனையோ பேர். சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. அது இவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கோளாறு.

எது செல்லாது?

முதலில் நம் பக்கத்துத் தப்பைப் பேசிவிடுவோம். கார்பன், பிளேடு, பிட் இவையெல்லாம் தேய்கிற சாமான்கள். சாதாரணமாக வாரண்டியில் இவற்றைச் சேர்ப்பதில்லை. கார்பன் தேய்ந்தால் மாற்றவேண்டியது நம் செலவுதான். அதைப் பார்க்காமல் ஓட்டினால் தீப்பொறி பறந்து ஆர்மேச்சருக்கும் கேடு வரும்.

மெல்லிசான வயரில் இருபது முப்பது மீட்டர் இழுத்து மிஷினை ஓட்டுகிறார்கள். வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. மோட்டார் திணறிச் சூடாகிறது. அளவுக்கு மீறிய பிளேடை மாட்டுவதற்காக மேலே இருக்கும் கவசத்தைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. மிஷினுக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து! இப்படி எரிந்ததற்கு வாரண்டி கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று: மிஷின் நின்றதும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிடக்கூடாது. "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று கம்பெனி கைகழுவ அது ஒன்றே போதும்.

எது செல்லும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. 2019-ல் புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வியாபாரம் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. விலையில் வரி எல்லாம் அடக்கம். அப்புறம் வரியைக் காட்டி எதற்குப் பயமுறுத்துவது?

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று போர்டு தொங்குகிறதே, அது பழுதான பொருளுக்குச் செல்லாது! பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வியாபாரம்தான்.

எங்கே போவது?

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சர்வீஸ் சென்டரில் மிஷினைக் கொடுத்தால் தேதி போட்ட சீட்டு வாங்காமல் வராதீர்கள். அடுத்தபடி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும், கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. விற்றவர், தயாரித்தவர் இருவரையுமே சேர்க்கலாம். 2 வருஷத்துக்குள் போடவேண்டும். அதுதான் கெடு.

ஆசாரிக்கும் உரிமை உண்டா?

"நீ மிஷினை வைத்துச் சம்பாதிக்கிறாய், நீ நுகர்வோரே இல்லை" என்று சில கம்பெனிகள் வாதாடும். தச்சு ஆசாரி, டைல்ஸ் போடுகிறவர், பிளம்பர் எல்லாரும் இங்கேதான் மடங்கிப் போகிறார்கள். மடங்க வேண்டியதில்லை!

கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் ஒரு பெரிய மிஷின் வாங்கியது. தாமதமாக வந்தது, பழுது என்று வழக்குப் போட்டது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அது வியாபார நோக்கில் வாங்கியது, எனவே நுகர்வோர் வழக்கு நிற்காது என்று வாங்கியவர் தோற்றார்.

ஆனால் அதே தீர்ப்பில் சின்ன ஆளுக்குக் கதவு திறந்திருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான். தானே வேலை செய்து பிழைக்க லேத் மிஷின் வாங்கியவரும் நுகர்வோர்தான். ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கையில் டிரில்லிங் மிஷின் பிடித்துப் பிழைக்கும் ஆசாரிக்கும் அதே நியாயம்தானே?

ஒரு எச்சரிக்கை மட்டும். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று கார்டில் அச்சடித்த மலிவு மிஷினை நாள் முழுக்க வேலைக்கு ஓட்டினால், அந்த நிபந்தனையைக் காட்டிக் கம்பெனி மறுக்க இடம் உண்டு. வேலைக்குத் தக்க மிஷினை வாங்குவதே புத்திசாலித்தனம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பழுதைச் செய்தது நீங்கள் அல்ல. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஜனங்கள் கம்பெனி முகத்தைப் பார்த்தா வாங்குகிறார்கள்? உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பில் போடுங்கள். கார்டில் தேதியும் முத்திரையும் வையுங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதை விற்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

கம்பெனிகளும் திருந்தவேண்டும். பொடி எழுத்து இங்கிலீஷில் நிபந்தனையை அச்சடித்து வைத்தால் நல்லம்பள்ளிக் கொத்தனாருக்கு என்ன புரியும்? தமிழ்நாட்டில் விற்கிற மிஷினுக்குத் தமிழில் கார்டு கொடுப்பதில் என்ன நஷ்டம்? இதை அரசாங்கம் கட்டாயமாக்கவேண்டும்.

அதுவரை? பில்லை வாங்குங்கள். மையெழுத்து மங்கிப்போகும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு வழக்கில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் துண்டுச் சீட்டுதான்!