பாம் மர வரிசை பசுமை வளையம் ஆகாது

ஓசூர் வட்டார நர்சரிகளில் ராயல் பாம், பாக்ஸ்டெயில் பாம், பாட்டில் பாம் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கிறது. தொழிற்சாலை வாயில்களிலும், பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களை நம்பிப் போடப்படும் மனைப்பிரிவுகளின் நுழைவாயில்களிலும் இவை வரிசை கட்டி நிற்கின்றன. அழகுக்காக நடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், ஆலைகள் காட்ட வேண்டிய பசுமை வளையக் கணக்கில் அந்த வரிசையே ஏறுமானால், அதைக் கேள்வி கேட்காமல் விட முடியாது.

இந்த மரங்களின் பிறந்தகத்துக் கதை வேறு. மொரீசியஸை ஒட்டிய சிறிய ரவுண்ட் தீவுதான் பாட்டில் பாமின் தாயகம். வெளியிலிருந்து கொண்டுவிடப்பட்ட ஆடுகளும் முயல்களும் கன்றுகளை மேய்ந்து தீர்த்ததில், ஒரு கட்டத்தில் அங்கே பத்து மரம்கூட மிஞ்சவில்லை. பாக்ஸ்டெயில் பாம், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கேப் மெல்வில் பாறைக் குவியல்களுக்கு நடுவே வளர்வது. 1983-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தோட்டக்காரர்களின் மோகம் விதைத் திருட்டில் போய் முடிந்தது. வீட்டுக்கு வீடு தொட்டியில் இருக்கும் அரேகா பாம் மடகாஸ்கரைச் சேர்ந்தது. அந்தத் தீவின் 192 பனையினங்களில் 83 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2012-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் எச்சரித்தது. தோட்டங்களில் ஓர் இனம் பெருகுவதால் அதன் காடு பிழைத்துவிடுவதில்லை.

நம்மிடமும் அப்படி ஓர் அரிய மரம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், அகத்தியமலை, களக்காடு போன்ற மழைக்காடுகளில் வளரும் வரைக்கமுகு, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இதற்கு நெருங்கிய உறவான ஒரே இனம் இருப்பது நிக்கோபார் தீவுகளில். வரைக்கமுகின் குருத்து என்றால் யானைக்கு உயிர். அதனால், யானை கால் வைக்க முடியாத செங்குத்துப் பாறை விளிம்புகளில்தான் இம்மரம் பெரும்பாலும் தப்பி நிற்கிறது. மேகம் தவழும் ஈரமும், சோலையும், பாறை இடுக்கில் தங்கும் மண்ணும் சேர்ந்ததுதான் அதன் வீடு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஓசூர் மேட்டுநிலம் அந்த வீடாக முடியாது. ‘அரிய பனை’ என்று சொல்லி நாளை யாராவது இதையும் தோட்டச் சந்தைக்கு இறக்கினால், அது பாதுகாப்பு ஆகாது. காட்டில் விதை பொறுக்குவோருக்கு விலை வைத்துக் கொடுப்பதாகவே முடியும். வரைக்கமுகைக் காக்க ஒரே வழி, அது நிற்கும் மலையைக் காப்பதுதான்.

தொழிற்பேட்டைக்கான பசுமைக்கும் இதே நியாயம் பொருந்தும். அதுவும் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகள் பொதுவாக வளாகத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு நிலத்தைப் பசுமை வளையமாக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. அப்படிப்பட்ட வளையத்தை எப்படி அமைப்பது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தூசியையும் இரைச்சலையும் தடுக்க, புதரும் சிறுமரமும் பெருமரமுமாக அடுக்கடுக்கான அடர்த்தி தேவை. உச்சியில் எட்டுப் பத்து மட்டைகளோடு நிற்கும் பாக்ஸ்டெயில் பாம், லாரிப் புழுதியை எப்படித் தடுக்கும்? அதன் கீழே நிற்கும் தொழிலாளிக்கு நிழல்கூடக் கிடைக்காது.

நிர்வாகங்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. பாம் மரத்தின் வேர் அடித்தளத்தைப் பெயர்க்காது, இலைக்குப்பை குறைவு, வளர்ந்த மரமாகவே வாங்கி நட்டுவிடலாம், ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். நர்சரிக்காரர்களுக்கும் இதுதான் பிழைப்பு. வாயிலுக்கும் சுவரோரத்துக்கும் இந்தக் காரணங்கள் சரி. பசுமை வளைய நிலத்துக்கு இவை பொருந்தா. அங்கே புங்கனும் வேம்பும் நாவலும் அத்தியும் இலுப்பையும் வளர இடம் இருக்கிறது.

பனைக் குடும்பத்து மரம்தான் வேண்டுமென்றால், இந்த மண்ணுக்கே உரிய ஈச்சமரம் இருக்கிறது. ஓடைக்கரைகளில் நின்று பாயும் கூடையும் துடைப்பமும் கொடுத்த மரம் அது. மாநில மரமான பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஈச்சைக்கும் அத்தகைய காப்பு தேவை. ஆனால் ஓர் எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் வந்துபோகும் நிலம் இது. 2022-இல் காவிரி தெற்கு வனஉயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். யானைத் தடத்தை ஒட்டிய வளாகங்களில் எதை நடலாம், யானையை இழுக்கும் எதைத் தவிர்க்கலாம் என்பதை வனத் துறைதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளித் தொழிற்பகுதிகளுக்கென உள்ளூர் மரப் பட்டியலை வனத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து வெளியிட வேண்டும். அலங்காரப் பாம் மரங்களைப் பசுமை வளையக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பட்டியலில் உள்ள மரங்களை வளர்த்துத் தர உள்ளூர் நர்சரிகளுடன் சிப்காட் முன்கூட்டியே ஒப்பந்தம் போட வேண்டும். அப்போது பிழைப்பும் கெடாது. ஆய்வின்போது நட்ட கன்றை எண்ணுவதை விட்டு, மூன்றாம் ஆண்டில் பிழைத்திருக்கும் மரத்தை எண்ண வேண்டும்.

அழகு மரமாக வந்த கோனோகார்ப்பஸை நடுவதற்கு 2025-இல் தடை விதித்த அரசுக்கு இது பெரிய வேலையல்ல. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்கும் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கையும் காகிதத்தில் எட்டினால் போதாது. பாம் வரிசையை வைத்துக் கணக்கு முடிக்கும் ஆலைக்கு, அனுமதி விஷயத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு வாரியத்துக்கு வர வேண்டும்.