தலைவிகள் மைதானத்தில் உருவாகட்டும்

கரப்பந்தாட்டம் 1991 முதல் நமது நாட்டின் தேசிய விளையாட்டு. அதில் ஒருவரே பந்தை அடுத்தடுத்து இருமுறை அடிக்க முடியாது. ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாற வேண்டும். சேர்விஸ் போடும் முறையும் மாறி மாறி வரும்.

நமது தோட்ட மைதானங்களில் நடப்பதென்ன? நன்றாக அடிப்பவனே எப்போதும் கெப்டன். பந்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு ஏச்சு. பெண் பிள்ளைகளோ வயதுக்கு வந்ததும் லயத்துக்குள். பிறகு, கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும், தோட்டக் கமிட்டியில் பேசப் பெண்கள் முன்வரவில்லையே என்று குறைப்படுகிறோம்.

பயிற்சி கொடுக்கும் இளைஞர்களே, கெப்டன் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுங்கள். தவறியவரைத் தனியே கூப்பிட்டுத் திருத்துங்கள். பெற்றோரே, மகளையும் விளையாட அனுப்புங்கள். நாளை தோட்ட ஆபிசில் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று நமக்காகப் பேசப் போகிறவள் அவள்தான்.