ஒத்தை நட்டும் ரெண்டு சாவியும்

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம். எனக்கும் நட்டு போல்ட்டுக்கும் ரொம்ப தூரம். இருந்தாலும் இந்த வாரம் ஒரு கார் சக்கரத்தைப் பத்தி எழுதாம இருக்க முடியல.

புனேல எங்க கிளைக்கு ஒரு கோயமுத்தூர்க்காரர் வருவார். பம்ப் உதிரி பாகம் வார்க்கிற தொழில். தமிழ்ல பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துல மனுஷன் சீக்கிரம் எழுந்து போகமாட்டார். போன மாசம் வந்தவர், "சார், ஒரு நிமிசம் கீழ வாங்க, ஒண்ணு காட்டறனுங்க"ன்னு கூட்டிட்டுப் போனார். போர்ஷே 911 ஜிடி3, செகண்ட் ஹேண்ட். எல்லாரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாயைப் பொளந்தாங்க. என் கண்ணு சக்கரத்துல நின்னுடுச்சு. நம்ம வண்டில நாலோ அஞ்சோ நட்டு இருக்கும் இல்லையா? இதுல நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டுதான். சென்டர் லாக்காம்.

"இதை எப்படிக் கழட்டுவீங்க?"ன்னேன்.

"அதுக்குன்னு தனி சாக்கெட்டு, ஆளுயரத்துக்கு ஒரு டார்க் ரெஞ்சுன்னு வாங்கச் சொல்றாங்க. எதுக்குங்க தண்டச் செலவு? நம்ம பட்டறைல நீளமா ஒரு பைப்பைச் சொருகி ரெண்டு பேர் தொங்குனா ஆச்சுங்களே!"

கோடிக் கணக்குல காருக்குக் கொடுத்தவர், சாமான் வாங்க யோசிக்கிறார். நம்ம ஊர் புத்தி! யானை வாங்கியாச்சு, அங்குசத்துக்குப் பேரம். அவர் சிரிச்சார், எனக்குச் சிரிப்பு வரல. காரணம் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்குக் குடும்பத்தோட கார்லயே ஊருக்குக் கிளம்பினோம். கோலாப்பூர் தாண்டி பஞ்சர். ரோட்டோரக் கடைப் பையன் ஸ்பேனரைக் காலால மிதிச்சு முறுக்கிட்டு "ஹோ கயா சாப்"னான். ஹூப்ளி வர்றதுக்குள்ள ஸ்டியரிங் லேசா ஆட ஆரம்பிச்சுது. ரோடு சரியில்லைன்னு நினைச்சு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பின் சீட்ல மாமியார், பொண்ணு, மடில முறுக்கு டப்பா. கடைசில நிறுத்திப் பாத்தா, நாலு நட்டுல மூணு கையாலயே சுத்துது. நாலாவதுதான் எங்களைத் தூக்கிட்டு வந்திருக்கு. அன்னிக்கு என் வண்டில ஒத்தை நட்டு இருந்திருந்தா?

அதனாலதான் அவர்கிட்ட கணக்கை எடுத்தேன். கணக்கு நமக்கு வரும்ல :-)

சாதாரணக் கார்ல ஒரு நட்டுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். அவர் கார்ல (991 மாடல்) அந்த ஒத்தை நட்டுக்கு 600. அதாவது ஒரு மீட்டர் கம்பியோட முனைல 61 கிலோ தொங்கணும். அவர் சொன்ன மாதிரி ஒண்ணரை மீட்டர் பைப்ல எழுபது எழுபது கிலோல ரெண்டு பேர் தொங்கினா 2000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிடும், மூணு மடங்குக்கு மேல. கழட்டறதுக்கு நீளக் கம்பி சரி. மாட்டும்போதும் அதே ஆட்டம் ஆடினா மரை என்னத்துக்கு ஆகும்? மரை கழண்ட வேலைன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க!

"அந்தக் காலத்து ஜாகுவார், எம்ஜிலயும் ஒத்தை நட்டுதானுங்க, சுத்தியலால தட்டித்தான் மாட்டுவாங்க"ன்னார். வாஸ்தவம். ஆனா அந்த நட்டுக்குத் தட்டறதுக்குன்னே காது வச்சிருந்தாங்க. சுத்தியலும் நட்டைக் காயப்படுத்தாத செம்பு, ஈயம் மாதிரி மெத்து உலோகம். வலது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை போட்டு, ஓட ஓட இறுகற மாதிரி செஞ்சிருந்தாங்க. அந்த நட்டுக்கு அந்தச் சுத்தியல், இந்த நட்டுக்கு இந்த சாக்கெட். ஒண்ணோட நியாயத்தை இன்னொண்ணுக்குச் சொல்ல முடியாது.

ரேஸ்காரங்க துப்பாக்கி மாதிரி ஒண்ணை வச்சு ரெண்டு நொடில மாத்தறாங்களேன்னு கேப்பீங்க. ஆமா, 2023ல கத்தார்ல மெக்லாரன் ஆளுங்க 1.80 நொடில நாலு சக்கரமும் மாத்தினாங்க. ஆனா அதே ஃபார்முலா ஒன்ல 2021 மொனாக்கோவைப் பாருங்க. போட்டாஸோட மெர்சிடிஸ் காருக்கு சக்கரம் மாத்தும்போது துப்பாக்கி நட்டு மேல கொஞ்சம் கோணலா உக்காந்துடுச்சு. நட்டோட பிடிமானம் மழுங்கி, ரெண்டாவது இடத்துல இருந்தவர் அதோட அவுட். சக்கரத்தை இங்கிலாந்து தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழட்டினாங்க. 2018 ஆஸ்திரேலியாவுல ஹாஸ் அணி நாலாவது, அஞ்சாவது இடத்துல போயிட்டிருந்துது. சக்கரம் சரியா மாட்டாம, அடுத்தடுத்து ரெண்டு காரும் ஓரம் கட்டிடுச்சு. நாள் பூரா இதையே பழகறவங்களுக்கே இந்தக் கதின்னா, பட்டறைப் பையன் என்ன பண்ணுவான் பாவம்?

இன்னொண்ணு. முறுக்கற பலத்துல பெரும்பகுதி உராய்வுலயே போயிடும், சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கப் போறது கொஞ்சம்தான். அதனாலதான் கம்பெனி சொன்ன பேஸ்ட்டைத் தடவணும், மரைல மண் இருக்கக்கூடாது, ஒரு தடவை முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அளவா முறுக்கணும்னு சொல்றாங்க. சாக்கெட்டை எடுத்ததும் நடுவுல இருக்கற பூட்டு வெளிய வந்திருக்கான்னு பாக்கணும். நகைக்கடன் கேட்டு வர்றவங்க வளையலைக் கையால தூக்கிப் பாத்து "பத்து பவுன் இருக்கும்"னு சொன்னா நான் பணம் கொடுப்பேனா? தராசுல வைக்கணும்ல? டார்க் ரெஞ்சுங்கிறது தராசு.

இந்த நட்டை முறுக்கும்போது இன்னொருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கணும், இல்லேன்னா சக்கரமே சுத்தும். கேட்டதும் எங்க ஸ்ட்ராங் ரூம்தான் ஞாபகம் வந்துது. அதுக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆபீசர் கையில. ஒருத்தர் மேல சந்தேகப்பட்டு இல்லை, நல்லவனுக்கும் மறதி உண்டுங்கறதால. பிரேக்கை மிதிக்கிறவரே இறங்கி வந்து அளவையும் பூட்டையும் ஒரு தடவை பாத்துட்டா என்ன குறைஞ்சுடும்? ஒரே நட்டை நம்பி உயிர் இருக்கற இடத்துல ரெண்டு கண்ணு போதாது, நாலு வேணும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "பாங்குக்காரர்கிட்ட காரைக் காட்டினது என் தப்புங்க"ன்னு சிரிச்சார். போன வாரம் செட்டுக்கு ஆர்டர் போட்டாச்சுன்னு போன் வந்துது.

நம்மகிட்ட போர்ஷே இல்லை. ஆனா பண்டிகைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு ஊருக்குப் போறவங்க நாம. ஹூப்ளிக்கு அப்புறம் நானும் சின்னதா ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். எங்க காலனில நாலு தமிழ்க் குடும்பமும் அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. உங்க வண்டிக்கு எத்தனை நியூட்டன் மீட்டர்னு கையேட்டைப் புரட்டி ஒரு சீட்டுல எழுதி டேஷ்போர்டுல போட்டு வைங்க. வழில சக்கரம் மாத்தினா, அம்பது நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, ஒரு தடவை முறுக்கிப் பாத்துடுங்க. டீ குடிக்க எப்படியும் நிறுத்தத்தானே போறோம்.